எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவர்

கல்முனைப் பக்கத்துக்கு ரயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அதனால் இந்தக் கரையில் ஒருவர் ரயில் என்று சொன்னால் அது மட்டக்களப்பு ஸ்டேசன்தான். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

முஸ்தாக்கும் யோசிக்கவில்லை. கல்முனை பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்த அவன், கடை ஈயாடும் நேரங்களில் 'அந்தக் காலத்துக் கல்முனை' என்றொரு முகநூல் பக்கம் நடத்திவந்தான். ஒரு நாள் வெளிநாட்டு ரயில் பைத்தியங்களின் குழு ஒன்றில் கறுப்பு வெள்ளைப் படமொன்று அவன் கண்ணில் பட்டது. நீராவி எஞ்சின் ஒன்று. அதன் முகத்தருகே, சாரனை மடித்துக் கட்டி, தோளில் துவாய் போட்ட ஒருவர். காலடியில் இரண்டு கூடைகள். இறந்துபோன தன் தகப்பனின் பெட்டிக்குள் கிடந்த படம், இலங்கையில் அறுபதுகளில் பிடித்தது, இது எந்த எஞ்சின் என்று யாருக்காவது தெரியுமா என்று படத்தின் சொந்தக்காரர் கேட்டிருந்தார். முஸ்தாக் எஞ்சினைப் பார்க்கவில்லை, கூடைகளைப் பார்த்தான். 'மட்டக்களப்பு ஸ்டேசனில் நம்ம ஊர் மீன் வியாபாரி' என்று எழுதித் தன் பக்கத்தில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் மருதமுனையில் ஒரு வீட்டில் அழுகை கிளம்பிவிட்டது.

"என்ட வாப்பா! அல்லாஹ்வே, இது என்ட வாப்பா!"

அழுதவள் ஸைனம்பு. அறுபதைத் தாண்டியவள், கைம்பெண். சத்தம் கேட்டு ஓடிவந்த இளைய மகள் றினோஸா, தாயின் கையிலிருந்த தன் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் பஸாரில் ஒரு பிரிண்ட் கடையில் வேலை செய்கிறவள். கோட்டு இல்லாதவனுக்கு விசாப் படத்தில் கோட்டு மாட்டுவதும், மாமியார் வேண்டாம் என்கிற மச்சத்தை மணமகள் கன்னத்திலிருந்து அழிப்பதும் அவளுடைய அன்றாடத் தொழில். படம் என்றாலே அவள் முதலில் தேடுவது ஒட்டுப்போட்ட இடத்தைத்தான்.

"கூடை வெச்சிருக்கிற ஆக்கள் எல்லாம் உங்கட வாப்பாவா உம்மா?"

"நெட்டையப் பாருடி. என்ட வாப்பா நெட்டை எண்டு ஊருக்கே தெரியும்."

"முகம்?"

"முகம் எனக்கு இப்பதானே தெரியுது" என்றாள் ஸைனம்பு.

மீன் வியாபாரி ஆதம்லெவ்வை கடலில் மௌத்தானபோது ஸைனம்புவுக்கு நான்கு வயது. நாட்டில் அடையாள அட்டை வருவதற்கு முந்திய காலம். அவர் படமே பிடித்ததில்லை. நான்கு வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் ஸைனம்புவிடம் இருந்தது: முழங்கால், அகலமான பச்சை இடுப்பு வார், தாடியின் அடிப்பக்கம், அதற்கும் மேலே எங்கோ ஒரு சிரிப்பு. 'நெட்டை ஆதம்லெவ்வை' என்ற பட்டப்பெயர். முகம் மட்டும் இல்லை. அறுபது வருடமாகத் தன் வாப்பாவின் முகத்தை அவள் தன் அண்ணன்மாரின் முகங்களில் தேடினாள், பிறகு மகன்மாரில், பேரன்மாரில். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி இருந்ததுதான் மிச்சம்.

படத்தில் இருந்தவர் உண்மையில் நெட்டையாகத்தான் தெரிந்தார். எஞ்சினின் முன்பக்கத்தில் வட்டமான இரும்புக் கதவொன்று உண்டு. அதன் நடுவில் இருக்கும் கைபிடி அவருடைய காதுக்கு நேராக இருந்தது. றினோஸா யூடியூபில் தேடிப் பார்த்தாள். அதில் ஒரு எஞ்சின்காரர் அந்தக் கைபிடியைத் திருக மேலே ஏறி நின்றார். அப்படியென்றால் காதுக்கு நேராகக் கைபிடி இருக்கிற மனிதன் சாதாரண ஆளாக இருக்க முடியாது. இதைத் தாயிடம் சொன்னது பிழையாகிவிட்டது.

"பாத்தியா? நீயே சொல்லிட்டாய்!"

மறுநாள் காலையில் புதுக்கதை ஒன்று பிறந்தது. வாப்பா ஐஸ் போட்ட மீனை ரயிலில் கொழும்புக்கு அனுப்ப மட்டக்களப்புக்குப் போனபோது, ஒரு வெள்ளைக்காரன் கையைக் காட்டி நிற்கச் சொல்லிப் படம் பிடித்தானாம். ஸைனம்புவின் உம்மா சொன்னதாம்.

"இந்தக் கதைய இவ்வளவு காலமும் எங்க வெச்சிருந்தீங்க?"

"நீ கேட்டியா?"

தாய் பொய் சொல்கிறாள் என்று றினோஸா நினைக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சந்தேகித்தாள். தான் கடையில் கோட்டு மாட்டுகிற மாதிரி, தாயின் மனது அந்த மனிதருக்கு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் பெயர், இப்போது ஒரு வெள்ளைக்காரன், நாளைக்கு இன்னொன்று. ஆனாலும் தாய் கேட்டபடி படத்தை நல்ல தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் சுவரில் உருவப்படம் தொங்கவிடும் வழக்கம் இல்லை. ஸைனம்பு அதை அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்தாள். விடியலில் சுபஹ் தொழுத பிறகு கதவைத் திறந்து ஏதோ முணுமுணுப்பாள். பிறகு மூடுவாள்.

ஒரு வாரம் போகவில்லை. முஸ்தாக்கின் பக்கத்தில் ஒரு குறிப்பு விழுந்தது: 'இவர் எனது தகப்பனார் நல்லரெத்தினம். மீன் வியாபாரி அல்ல. திருத்தவும்.' எழுதியவர் பாண்டிருப்பில் அரிசி ஆலை வைத்திருந்த தங்கராசா. முஸ்தாக் திருத்தவில்லை. ஆயிரத்துக்கு மேல் லைக் விழுந்த படத்தில் கை வைக்க அவனுக்கு மனமில்லை. ஆகவே தங்கராசா தாமே சைக்கிளை மிதித்துக்கொண்டு மருதமுனைக்கு வந்தார். படலையைத் தாண்டி உள்ளே வந்த ஆளைக் கண்டதும் றினோஸாவுக்குத் திக்கென்றது. ஆளும் நல்ல நெட்டை.

"தங்கச்சி, குறை நினைக்கப்படா. அது எங்கட அப்பா. மட்டக்களப்பு ஸ்டேசன்ல மூட்டை தூக்கினவர். கமுகு நல்லரெத்தினம் எண்டா அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும்."

"கமுகோ தென்னையோ, மூட்டை தூக்குறவர்ர காலடியில மீன் கூடை என்னத்துக்கு அண்ணன்?" என்றாள் ஸைனம்பு.

"அது மீன் கூடை எண்டு ஆர் சொன்ன? வெத்திலைக் கூடையா இருக்கலாம்."

"வெத்திலைக் கூடைய ஈ மொய்க்குமா?"

"படத்துல ஈ தெரியுதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியுது."

றினோஸா இடையில் புகுந்தாள். "உங்கட அப்பாட வேற படம் இல்லையா அங்கிள்?"

"ஒண்டு இருந்த பிள்ள. முகத்தைச் செல்லுப் பூச்சி அரிச்சிட்டு. நான் கைக்குழந்தையா இருக்கக்க அவர் போயிட்டார், எனக்கு முகம் தெரியாது. அந்த மிச்சப் படமும் தொண்ணூறுல வீட்டோட எரிஞ்சிட்டு."

தொண்ணூறு என்றால் இந்த ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் அடிபட்ட வருடம். யார் வீட்டை யார் எரித்தது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. ஆனால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஸைனம்பு எழுந்து உள்ளே போய் ஒரு கிளாஸில் சோடா ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். தங்கராசா அதைக் குடித்தார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

போகும்போது படலையடியில் நின்று அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ள, நீ படம் செய்யிற கடையில வேலை எண்டு கேள்விப்பட்டன். உண்மையச் சொல்லு, அந்தக் கூடைய நீதான் போட்டனியோ?"

றினோஸாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால், தன்னைப்போலவே இன்னொருவரும் படத்தைச் சந்தேகிக்கிறாரே என்று ஏனோ ஒரு நிம்மதிதான் வந்தது. "நான் போட்டிருந்தா அதுக்குள்ள மீனையும் போட்டிருப்பன் அங்கிள்" என்றாள்.

அவர் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து தாய் கேட்டாள்: "ஏன் வந்த எண்டு நினைக்கிறாய்? சும்மா வரல்ல. ரயில்வேயில ஆருக்கோ ஏதோ காசு குடுக்கப் போறானுகள் போல. நீ விசாரி."

றினோஸா விசாரித்தாள், ஆனால் வேறு விதமாக. மனிதரைப் பற்றி யாரைக் கேட்டும் பயனில்லை, அவர் பேசப்போவதில்லை. எஞ்சினைப் பிடித்தால் நூல் கிடைக்கும். அந்த வெளிநாட்டுக் குழுவில் தன் ஆங்கிலத்தை இரண்டு தடவை திருத்தி, இது மட்டக்களப்புக்கு வந்த எஞ்சின்தானா என்று எழுதிக் கேட்டாள். ரயில் பைத்தியங்கள் நித்திரை கொள்வதில்லை. புகைபோக்கியின் விளிம்பைப் பற்றி ஒருவர் எழுத, விளக்கு மாட்டும் கொக்கியைப் பற்றி இன்னொருவர் சண்டைக்குப் போனார். கடைசியில் ஒருவர் கலர்ப் படம் ஒன்றைப் போட்டார். எஞ்சினின் பக்கவாட்டில் கோணலாக வைத்து ஆணி அறைந்த ஒட்டுத் தகடு ஒன்று, பழைய படத்திலும் அதே இடம், அதே கோணல். இந்த எஞ்சின் இன்னும் இருக்கிறது, பெயின்ட் அடித்துக் கண்டிக்கு அப்பால் உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மட்டக்களப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது றினோஸாவின் மனதில் முள்ளாகக் கிடந்தது.

ஆனால் தாய்க்கு அந்த முள் தெரியவில்லை. படத்தில் அந்த மனிதரின் இடது கை எஞ்சின்மேல் இருந்தது. "அவர்ர கை பட்ட இரும்பு இன்னும் இரிக்கி" என்றாள் ஸைனம்பு. "என்னக் கூட்டிக்கி போ."

கண்டி பஸ்ஸுக்குக் கல்முனையில் போய் நின்றால், அங்கே தங்கராசா வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நிற்கிறார். முஸ்தாக்தான் வாய் விட்டிருக்க வேண்டும்.

"நீங்க மட்டும் போய் அங்க என்னத்த எழுதி எடுத்திட்டு வருவீங்களோ, ஆருக்குத் தெரியும்?" என்றார்.

கையில் துவாயால் சுற்றிய பொட்டலம். பஸ் மஹியங்கனையைத் தாண்டும்போது அவிழ்த்துக் காட்டினார். அதே படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஸைனம்பு தன் கைப்பையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தாள். இரண்டு பேரும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மற்றவருடையதில் ஏதாவது மாற்றியிருக்கிறதா என்று நெடுநேரம் பார்த்தார்கள்.

அருங்காட்சியகத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது கறுப்பு மலைபோல ஒரு எஞ்சின். சக்கரமே ஸைனம்புவின் தோளுக்கு வந்தது. தங்கராசா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய்க் கையை உயர்த்தினார். வட்டக் கதவின் கைபிடி அவருடைய விரல் நுனிக்கும் எட்டவில்லை.

"என்ன நெட்டை மனிசன் அவர்!" என்று கண் கலங்கினார். "நான் அவர்ர அரைவாசியும் இல்ல."

"என்ட வாப்பா" என்றாள் ஸைனம்பு, விடாமல்.

றினோஸா எஞ்சினைச் சுற்றி வந்தாள். கோணல் தகடு எங்கும் இல்லை. காவலாளியிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் ஒரு தடவைதான் பார்த்தார். வாருங்கள் என்று தலையசைத்து, பெரிய எஞ்சின்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

அங்கே எருமைகளுக்குப் பின்னால் ஒதுங்கிய கன்று மாதிரி ஒரு எஞ்சின் நின்றது.

"இது விளையாட்டு எஞ்சின்" என்றார் தங்கராசா. "இதில்ல. இந்தாள் ஏமாத்துறான்."

பக்கவாட்டில் தகடு இருந்தது. அதே கோணல். பச்சைப் பெயின்டுக்கு மேலால் ஆணித் தலைகளை விரலால் தொட்டு எண்ணலாம்.

காவலாளி சிங்களத்தில் சொன்னதை றினோஸா கேட்டு இவர்களுக்குச் சொன்னாள். கொழும்பிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக ஒரு காலத்தில் ஒடுங்கின தண்டவாளம் போட்ட பாதை இருந்ததாம். இது அந்தப் பாதைக்கென்றே செய்த எஞ்சின். மட்டக்களப்புக்கு இது வந்ததே இல்லை, வரவும் முடியாது. அங்கே தண்டவாளம் அகலம், சக்கரம் உட்காராது.

றினோஸா போனில் படத்தைப் பெரிதாக்கினாள். இத்தனை நாளும் கூடையைப் பார்த்தார்கள், துவாயைப் பார்த்தார்கள், இல்லாத ஈயைக்கூடப் பார்த்தார்கள். அந்த மனிதரின் காலுக்குப் பக்கத்தில் ஓடிய தண்டவாளத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஒரு பாய்கூட விரிக்க முடியாது. ரயில் ஓடாத ஊரில் பிறந்த கண்ணுக்குத் தண்டவாளம் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று எப்படித் தெரியும்?

"அங்கிள், நீங்க இதுக்குப் பக்கத்துல நில்லுங்க."

தங்கராசா போய் நின்றார். வட்டக் கதவின் கைபிடி அவர் நெஞ்சுக்கு வந்தது.

அவர் மெல்ல விலகினார். றினோஸா போனை அவரிடம் கொடுத்துவிட்டுத் தானே போய், படத்தில் இருந்தவர் நின்ற அதே பக்கத்தில் நின்றாள். உயரம் குறைவு என்று கூடப் படித்தவர்கள் எல்லாம் 'கட்டை றினோஸா' என்று கூப்பிட்ட பெண். திரும்பிப் பார்க்காமலே கைபிடியின் குளிர் காதில் தெரிந்தது.

தங்கராசா அதைப் படம் பிடித்தார். பிடித்த பிறகும் போனை இறக்காமல் நின்றார்.

"அவர் குனிஞ்சி நிண்டிருப்பாரோ?" என்றார் கடைசியில்.

"ஓம் ஓம், குனிஞ்சிதான் நிண்டிருப்பார்" என்றாள் ஸைனம்பு அவசரமாக. "வெள்ளக்காரன் சொல்லியிருப்பான், குனி எண்டு."

"கூச்சமாயும் இருந்திருக்கும்."

"ஓம் அண்ணன். படம் எண்டா கூச்சம்தானே."

பஸ் ஏறியதிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு இடத்தில்தான். றினோஸாவுக்கு அதைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனாலும் தங்கராசாவின் கையிலிருந்த சட்டத்தை வாங்கி அவர்களுக்கு முன்னால் பிடித்தாள். "முழங்காலப் பாருங்க உம்மா. நேராத்தானே நிக்கிறார். கழுத்தும் நேர்."

ஸைனம்பு பார்த்தாள். பிறகு எஞ்சினிடம் போனாள். கையை அதன்மேல் வைக்கப்போனவள், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப இவர் ஆரு?"

"ஆரோ ஒரு கட்டையான மனிசன் உம்மா."

திரும்பும் வழியில் பஸ் மஹியங்கனையில் தேத்தண்ணிக்கு நின்றது. மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். ஸைனம்பு கிளாஸைத் தொடவில்லை.

"சுபஹ் தொழுதிட்டு, விடிஞ்சும் விடியாம, அலுமாரியத் திறந்து..." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒரு அன்னிய ஆம்புளைட முகத்த! அஸ்தஃபிருல்லாஹ்!"

"நீங்க பாத்ததோட சரி" என்றார் தங்கராசா. "நான் தேங்காய் உடைச்சனான். விளக்கு வெச்சனான். என்ட மனிசி செல்லத்தங்கம் அந்தாளுக்கு இறால்கூடக் காச்சிப் படைச்சவள், மாமாவுக்கு விருப்பம் எண்டு."

ஸைனம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து ஓய்ந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழையபடி பார்த்தார்கள்.

"வீட்ட போய்த் திரும்ப மாட்டிருவீங்களோ என்னமோ."

"நீங்க அலுமாரிக்குள்ள வெச்சா ஆருக்குத் தெரியப்போகுது?"

ஸைனம்பு கைப்பையைத் திறந்து தாளை எடுத்து மேசையில் வைத்தாள். தங்கராசா துவாயை அவிழ்த்துச் சட்டத்தை அதன்மேல் வைத்தார். நெற்றியில் இருந்த குங்குமத்தைக் கண்ணாடியிலிருந்து விரலால் துடைத்துவிட்டார். "பிள்ள வெச்சிருக்கட்டும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெறும் மேசையில் அந்த மனிதர் மட்டும் கிடந்தார். யாருடைய தகப்பனும் இல்லாமல், கையை எஞ்சின்மேல் வைத்துக்கொண்டு. ஸைனம்பு அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் பார்த்தாள்.

"றினோஸா."

"என்ன உம்மா?"

"படத்தப் போட்ட அந்த வெள்ளக்காரன்ட பக்கத்துல எழுது, இவர் கட்டையான மனிசன் எண்டு."

"அதை ஏன் எழுதுற?"

"இவருக்கும் புள்ளைகள் இரிக்கும்தானே. எங்கயோ ஒரு பொம்புளை இந்தப் படத்தப் பாத்திருப்பா. இவர் நெட்டை, என்ட வாப்பா கட்டை, இவரில்ல எண்டு தள்ளிவிட்டுட்டுப் போயிருப்பா."

தங்கராசா திரும்பினார். "சிங்களத்திலயும் எழுது பிள்ள. அந்தப் பக்கத்து ஆளாத்தான் இருக்கும்."

றினோஸா எழுதினாள். ஆங்கிலத்தில் ஒன்று, தெரிந்த சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. எந்தப் பாதை, எந்த எஞ்சின், அது இப்போது எங்கே நிற்கிறது, எஞ்சின் சிறியது ஆகையால் இவர் கட்டையானவர்.

"வாசி பாப்பம்" என்றாள் தாய்.

வாசித்தாள்.

"கட்டை எண்டு போட்டா அந்தப் புள்ளைக்கி மனம் நோகும். என்ட மகள்ர உயரம் எண்டு போடு."

அவள் அழித்துவிட்டு, 'இவர் என்னுடைய உயரம்' என்று எழுதினாள். அதன் கீழே, கைபிடி காதில் முட்டத் தான் நின்ற படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

"போயிட்டா?"

"போயிட்டு உம்மா."

ஸைனம்பு நம்பவில்லை. போனை வாங்கி, தங்கராசாவுக்கும் தெரியும்படி மேசை நடுவில் வைத்துக்கொண்டு, அது உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்த்தாள்.